குறையற்ற ஒன்பது புதன்கள்

இதனால் சகல இறைமக்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் வசிப்பவரும், துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவரும், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தின் தலைவருமாகிய திருவாளர் இராயப்பன், தம் மனைவி சவுந்தரத்தின் இடது கால் கட்டைவிரலைக் குணப்படுத்தும் பொறுப்பை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டார். ஆண்டவர் அதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டை மட்டும் அவரே பார்த்துக்கொண்டார்.

ஏற்பாடு, சகாய மாதா நவநாள். ஒன்பது புதன்கிழமை வீட்டில் செபம். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். இராயப்பனுக்கு அது போதவில்லை. குறையே இருக்கக் கூடாது என்றார்.

முதல் சுற்று மூன்றாம் புதனில் செத்தது. செபமாலைக்கு நடுவே கீழ்வீட்டுக்காரர் காரோக்கே பாட ஆரம்பித்தார். "பழுதான காணிக்கையையா ஆண்டவருக்குக் குடுக்கறது?" என்று இராயப்பன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். இரண்டாம் சுற்று ஆறாம் புதனில் போனது. கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த மகள் கிறிஸ்டல், கடற்பாலத்து நெரிசலில் மாட்டி, செபத்தின் பாதியில் ஹெல்மெட்டோடு உள்ளே நுழைந்துவிட்டாள்.

சவுந்தரத்துக்குப் பல வருடமாகச் சர்க்கரை. விரலில் முதலில் இருந்தது புதுச் செருப்பு கடித்த கொப்புளம். இப்போது அது கறுத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நாளைக்குக் கிளினிக் போலாம். நான் லீவு போடறேன்," என்றாள் கிறிஸ்டல்.

"அப்பாகிட்ட கேளு."

"விரல் அப்பாவோடதா?"

சவுந்தரம் கைலியைக் காலின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இராயப்பன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "போலாம்லா, யாரு வேணான்னது? ஆனா வார்டுல படுக்க வெச்சிட்டா புதன் என்னாகறது? எல்லாத்துக்கும் ஆண்டவர் ஒரு நேரம் வெச்சிருக்கார். அதுக்கு முன்னால ஓடுனா கீழ்ப்படிதல் இல்ல."

"கிளினிக்கும் காலையில எட்டு மணின்னு ஒரு நேரம் வெச்சிருக்குப்பா."

"கிண்டல் வேணாம். சவுந்தரம், வலிக்குதா?"

"இல்லீங்க."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

இராயப்பன் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "பாத்தியா? இவ்ளோ புண்ணு, வலியே இல்ல. மாதா வலிய எடுத்துட்டாங்க. புண்ணு பின்னாலயே போயிடும்."

சவுந்தரம் விரலைப் பார்த்தாள். யாருடைய விரலையோ பார்ப்பது போல் இருந்தது.

மூன்றாம் சுற்று குறையில்லாமல் அமைந்தது. கீழ்வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தார். யாரும் தும்மவில்லை. ஒன்பதாம் புதனில் அன்பியத்தார் எல்லோரும் வந்தார்கள். ஊதுவத்தியையும் மீறி ஒரு வாடை இருந்தது. நாகரிகம் தெரிந்தவர்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. இராயப்பன் மனைவியை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சாட்சி சொல்லச் சொன்னார்.

"வலிக்கல," என்றாள்.

"இன்னும் கொஞ்சம் சொல்லு."

"கொஞ்சம்கூட வலிக்கல."

எல்லோரும் கைதட்டி அல்லேலூயா சொன்னார்கள். பிறகு மீ கோரெங் நூடுல்ஸ் பரிமாறப்பட்டது.

வியாழன் காலை காய்ச்சலில் அவள் பிதற்றினாள். கிறிஸ்டல் அப்பாவிடம் கேட்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மதியத்துக்கு மேல் காய்ச்சல் தணிந்து சவுந்தரம் கண் திறந்தபோது, டாக்டர் நூருல் காலைச் சோதித்துக்கொண்டிருந்தார். தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், சின்ன வயது.

"அவளுக்கு வலியே இல்ல டாக்டர்," என்றார் இராயப்பன். அப்போதும் குரலில் சற்றுப் பெருமை இருந்தது.

"வலிக்காது அங்கிள். சர்க்கரையில நரம்பு செத்துப்போச்சு. அதுதான் வியாதியே. வலிச்சிருந்தா அப்பவே ஓடி வந்திருப்பாங்க. இப்ப விஷம் மேல ஏறுது, விரலோட நிக்காது."

இராயப்பன் செபமாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "கொஞ்சம் டைம் குடுங்க டாக்டர். ஆண்டவரோட நேரம் எப்பன்னு கேட்டுட்டு…"

"அவரு கொப்புளம் வந்த அன்னைக்கே சொல்லிட்டாருங்க," என்றாள் சவுந்தரம். குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. "நாமதான் லேட்டு. டாக்டர், எங்க கையெழுத்து போடணும்?"

அன்றே இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.