கடைசிவரை பார்க்கிற வேலை

அந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. மேலே ஆறு மாடிகளில் யார் படுத்தாலும் எழுந்தாலும், அவர்கள் படுத்திருந்த விரிப்பு ஒரு அகலக் குழாய் வழியாகச் சறுக்கிக் கீழே வந்து விழும். அதைத் துவைக்கிற பெரிய மெஷினைப் பதினெட்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தவரை எல்லோரும் ‘பொது அறிவு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது, கிழிந்த துணிகளுக்கு ஒட்டுப் போடும் தையல்காரம்மா. கேலியாகத்தான் வைத்தார். இவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

மதியம் ஒன்றரை மணிக்கு மெஷின்கள் ஓயும். நீளமான தகர மேசையைச் சுற்றி எல்லோரும் டப்பாவைத் திறப்பார்கள். பொது அறிவும் வாயைத் திறப்பார். கணவாய் இனத்து எட்டுக்கால் பிராணிக்கு இதயம் மூன்று என்பார். “ஒண்ணை வச்சே நான் பாடா படறேன், அதுக்கு மூணா?” என்பார் தையல்காரம்மா. தேன் கெட்டுப்போகாது என்பார். அங்கிருந்து ஒரே தாவலில் தேர்தலுக்குப் போவார், குண்டும் குழியுமான ரோட்டுக்குப் போவார், கடைசியில் அவருக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்து சேருவார். கைபேசிக் கம்பெனிகள். முந்தின நாள் இரவு மனைவியிடம் செருப்பு அறுந்துவிட்டது என்று சொன்னதையும், காலையில் போனைத் திறந்தால் வரிசையாகச் செருப்பு விளம்பரம் நின்றதையும் குறைந்தது நாற்பது முறையாவது சொல்லியிருப்பார். சுவருக்குக் காது உண்டு என்பது பழைய கதை, இப்போது காது நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது என்று முடிப்பார். அவர் படிப்பதெல்லாம் தலைப்புகள்தான். கீழே இருக்கும் செய்தியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். யார் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலைக்கு ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நன்றாகப் படித்தவள் என்பது பேச்சில் தெரிந்தது. பேச்சு என்ன பேச்சு, நாளைக்கு நாலு வார்த்தை. முன்னால் என்ன வேலை என்று கேட்டதற்குக் கம்ப்யூட்டர் வேலை என்றாள். ஏன் விட்டாய் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அவளிடம் இருந்தது பழைய பட்டன் போன். அது பொது அறிவின் கண்ணில் பட்டதும் அவருக்கு வெல்லம் கிடைத்த எறும்பு மாதிரி ஆகிவிட்டது. இந்தம்மா ஒருத்திதான் கம்பெனிக்காரன் கையில் சிக்காத புத்திசாலி என்று மேசையிலேயே அவளை உதாரணம் காட்டினார். அவள் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அவள் இல்லாத நேரத்தில், ஏதோ தப்புச் செய்து வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் படித்தவள் துணி மடிக்க வருவாளா என்றும் சொன்னார். அவளை எல்லோரும் ‘மடிப்பக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரைவிட அவள் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள்.

இப்படி ஏழு மாதம் போனது.

ஒரு நாள் காலைச் செய்தியில் புதுச் சட்டம் ஒன்று அடிபட்டது. கொடூரமான வீடியோக்களைக் கம்பெனிகள் ஒரு மணி நேரத்துக்குள் நீக்கியாக வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தது. பொது அறிவு அன்று ஒன்றரை மணி வரைக்கும் பொறுத்ததே பெரிய காரியம். டப்பாவைத் திறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். இந்தக் கம்பெனிகளில் வீடியோவைப் பார்த்து நீக்குவதற்கென்றே ஆயிரக்கணக்கில் ஆட்களை வைத்திருக்கிறார்களாம், அவர்கள் என்னதான் கிழிக்கிறார்கள் என்றார்.

“ஒரு பட்டனை அமுக்க வலிக்குதா இவங்களுக்கு? ஏசி ரூம்ல உக்காந்து சும்மா பாத்துட்டு இருக்கறதுக்குச் சம்பளம். நம்மள மாதிரி முதுகு ஒடியிற வேலையா?”

தையல்காரம்மா தலையாட்டினார். அந்த ஆட்டல் போதாதென்று பொது அறிவு போனை எடுத்தார். சொந்தக்காரர்கள் குழுவில் அதற்கு முந்தின நாள் வந்த வீடியோ ஒன்று அதில் இருந்தது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் நடந்த விபத்து. மெஷினில் ஒருவர் சிக்கிக்கொள்கிறார். அதை ஓடவிட்டு, இதையெல்லாம் விட்டு வைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் நீட்டினார். தையல்காரம்மா கையால் தள்ளிவிட்டு, சோறு தின்கிற நேரத்தில் இது என்ன என்று கடிந்துகொண்டார். அடுத்து உட்கார்ந்திருந்தவள் மடிப்பக்கா. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் விடவில்லை. போனையும் அந்தப் பக்கமாகத் திருப்பினார்.

“பாரும்மா. பாத்தாதான தெரியும் அவங்க லட்சணம்.”

அவள் பார்க்கவில்லை. டப்பா மூடியைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்.

“இருபத்தெட்டாவது விநாடியில ஒரு அம்மா ஓடி வருவாங்க. பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. ரெண்டு தடவை. மூணாவது தடவை பாதியில நின்னுடும்.”

டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். கழிப்பறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பொது அறிவு அப்போதும் விட்டாரா என்றால் இல்லை. பட்டன் போன்காரி நமக்கு முன்னால் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறாள் பார்த்தீர்களா, ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கையிலிருந்த போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பெண் குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. திரும்பவும் கூப்பிட்டது. மூன்றாவது முறை பாதியில் நின்றது. சிரித்தவர்கள் சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சூப்பர்வைசர் பொது அறிவைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அவரைவிட வயதில் சின்னவர், எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். அன்றும் குரலை உயர்த்தவில்லை.

மடிப்பக்கா நாலு வருடம் பார்த்தது வீடியோவைப் பார்த்து நீக்குகிற அந்த வேலைதான் என்றார். ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு வீடியோ. அவள் வேலை பார்த்த கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனிக்காக அந்த வேலையை எடுத்துச் செய்தது. கடைசி வருடத்தில் தூக்கம் போய்விட்டது. பிள்ளைகள் விளையாடும்போது கீழே விழுந்தால்கூட அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. இங்கே சேரும்போது இதையெல்லாம் சூப்பர்வைசரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். கறை படிந்து வரும் பக்கம் வேண்டாம், துவைத்து முடித்த பக்கத்தில் போடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள்.

“நான் இதை உங்ககிட்ட சொல்றது அவங்களுக்குத் தெரியும். கேட்டுட்டுதான் சொல்றேன். ஏழு மாசம் அண்ணா. தினமும் அவங்க எதிர்ல உக்காந்துதான் கம்பெனிக்காரங்களைத் திட்டினீங்க, கடைசியில அவங்க வேலையையும்.”

பொது அறிவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கண்ணாடிக்கு வெளியே தையல்காரம்மா ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொது அறிவு எழுந்து மெஷினுக்குத் திரும்பி, ஏற்கெனவே சோப்புப் போட்ட துணிக்கு இன்னொரு முறை சோப்புப் போட்டார். நுரை பொங்கித் தரைக்கு வழிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வீடியோவை அழித்தார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, வந்த அன்றே அதைப் பதினொரு பேருக்குத் தள்ளிவிட்டிருந்தார். ‘பார்த்துவிட்டு உடனே எல்லோருக்கும் அனுப்பவும்’ என்று மேலே ஒரு வரி வேறு. ஒவ்வொருவருக்காகக் குனிந்து உட்கார்ந்து எழுதினார். தயவுசெய்து அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம். மூன்று பேர் சரி என்றார்கள். ஐந்து பேர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் எந்த வீடியோ என்று கேட்டார்கள். மச்சான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு, தான் அதை நாற்பது பேர் இருக்கிற குழுவில் அன்றைக்கே போட்டுவிட்டதாக எழுதினார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று அவர் எத்தனையோ முறை மேசையில் சொல்லியிருக்கிறார், அரசியல்வாதிகளைப் பற்றி.

சாப்பிடும்போது மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்குச் சங்கதி ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். தலைவலி என்றார். நடந்ததை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் தன்னைத் திட்டமாட்டாள், அந்தப் பெண்ணை நினைத்துப் பாவம் என்பாள். அதைக் கேட்கத்தான் அவருக்குத் தைரியம் இல்லை.

ஐந்தாம் நாள் மடிப்பக்கா வந்தாள். விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறி, பாதியாக்கி, கால்வாசியாக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். பொது அறிவு அவளிடம் சொல்ல நாலு வரி தயார் செய்து வைத்திருந்தார். பக்கத்தில் போய் நின்றதும் நாலில் ஒன்றுதான் மிஞ்சியது.

“எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா பேசியிருக்கமாட்டேன்.”

“தெரியாதுன்னு நீங்க சொல்லி இன்னிக்குதான் அண்ணா கேக்கறேன்.”

குத்திக்காட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் ஆசுவாசப்பட்டுப்போய், அதற்குமேல் என்ன பேசுவது என்று விளங்காமல், பழக்க தோஷத்தில் அவர் வாய் தானாக ஒன்றைக் கேட்டுவிட்டது.

“அந்த ஆளு... பொழச்சாரா?”

கேட்ட கணமே அதைத் திரும்ப விழுங்கிவிடலாமா என்றிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவன் வம்பு கேட்டுக்கொண்டு நிற்கிறேனே என்று கூனிக்குறுகிப்போனார். அவள் கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தாள். பிறகுதான் சொன்னாள்.

“அதெல்லாம் எங்களுக்குச் சொல்லமாட்டாங்க. வீடியோவை நீக்கணுமா, வேணாமா. அவ்வளவுதான் எங்க வேலை. நான் அதை நீக்கினேன் அண்ணா. மறுபடியும் யாராவது கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் நீட்டிப் போடுவாங்க. மறுபடியும் நீக்குவேன். பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் கடைசிவரைக்கும் பாக்கணும். பாதியில நிறுத்தினா மதிப்பெண்ணைக் குறைச்சுடுவாங்க.”

பதினேழு முறை அவள் நீக்கியதைப் பதினொரு பேருக்கு அவர் அனுப்பியிருந்தார். அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சொல்லவில்லை. ‘உடனே எல்லோருக்கும் அனுப்பவும்’ என்ற வரியைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் மேசையில் பொது அறிவு வாய் திறக்கவில்லை. குனிந்து சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி, எழுந்து போனார். மற்றவர்களுக்கும் என்ன பேசுவதென்று புரியவில்லை. ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்கும். ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து மடிப்பக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனியும். எட்டாம் நாள் அவள் அவருடைய மெஷின் பக்கம் வந்தாள். கறைத் துணிகள் கிடக்கிற அந்தப் பக்கத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

“பேசுங்க அண்ணா. நீங்க பேசாம இருந்தா எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எனக்குச் சாப்பாடு இறங்கல.”

தான் வாயை மூடிக்கொண்டதை ஒரு தண்டனையாக, தனக்குத்தானே போட்டுக்கொண்ட நல்ல தண்டனையாக அவர் நினைத்திருந்தார். அதிலும் அடிபட்டது அவள்தான். சரிம்மா என்றார்.

அன்று மதியம் பேசித்தான் ஆக வேண்டும். கம்பெனிகள் வேண்டாம், சட்டம் வேண்டாம், யாருக்கும் கெடுதல் இல்லாத சின்ன விஷயமாக ஒன்று என்று காலையிலிருந்து தேடினார். டப்பாவைத் திறந்து, தொண்டையைச் செருமினார். அறுவைச் சிகிச்சை செய்கிற டாக்டர்கள் ஏன் பச்சை உடுப்புப் போடுகிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தார். மேசையே உயிர் பெற்ற மாதிரி நிமிர்ந்தது. தினமும் நாம்தானே துவைக்கிறோம், ஏன் என்று தையல்காரம்மா ஆவலாகக் கேட்டார். முன்னால் வெள்ளைதான் போட்டார்களாம், வெளிச்சத்தில் கண் கூசுமாம் என்று சொல்லிக்கொண்டே போனவர், அடுத்த வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்பதைப் பாதி வழியில்தான் பார்த்தார். நின்றுவிட்டார்.

“அப்புறம்?” என்றார் தையல்காரம்மா.

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த மடிப்பக்கா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“சொல்லுங்க அண்ணா. ரத்தத்தையே பாத்துட்டு இருந்தா கண்ணு மரத்துப் போகும், நடுவுல பச்சையைப் பாத்தா தெளியும். அதானே? பரவாயில்ல, சொல்லுங்க.”

ஆமாம்மா, அதேதான் என்றார் அவர். குரல் அவருக்கே கேட்கவில்லை. ஓ, அப்படியா என்றார் தையல்காரம்மா. பேச்சு எப்படியோ பிடித்துக்கொண்டது. ஆளாளுக்கு எந்த நிறம் கண்ணுக்கு நல்லது என்று சொல்ல ஆரம்பித்தார்கள், யாரோ சிரித்தார்கள், மடிப்பக்காவை யாரும் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த சோற்று உருண்டையை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

பொது அறிவுக்கு மட்டும் அன்று ஒரு வாயும் உள்ளே போகவில்லை. மணி அடிக்கும்வரை, சாப்பிடுகிறவர் மாதிரி, டப்பாவில் ஸ்பூனை விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தார்.