தையல் மிஷினில் ஓடிய இதயம்

1961ஆம் வருஷம் முதல், பாலக்கரை நசீராவின் தையல் மிஷின் ஓடினால்தான் அவள் மகள் கமர் ஜஹானின் இதயம் சரியாக ஓடியது. மிஷின் நின்றால் நாடி முப்பதுக்கு இறங்கும், உதடு நீலம் பாரிக்கும், மூன்று வயசுப் பிள்ளை இருந்த இடத்திலேயே துவண்டு விழும். தூங்கும்போது மட்டும் அந்த இதயம் முப்பதே போதும் என்று சும்மா இருந்தது. அந்த மட்டுக்கும் அல்லாஹ் இரக்கம் வைத்தான்.

இது விளங்குவதற்கே ஐந்து மாதம் வீணாய்ப் போயிற்று. பாங்கு கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவது நசீராவின் வழக்கம். ஆகவே பகலில் ஒவ்வொரு பாங்குக்கும் பிள்ளை சொல்லிவைத்தாற்போல் விழுந்தது. தெரு என்ன நினைத்தது? இறைவனின் அழைப்பைக் கேட்டுப் பிள்ளை தன்னை மறக்கிறது என்று தீர்மானித்தது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளையை ஊதச் சொல்லி வாங்கிப் போனார்கள். பாங்கு சொல்லும் பரக்கத் அலி மோதினாருக்கோ தலைகால் புரியவில்லை, எல்லாம் தன் குரலின் மகிமை என்று ஒவ்வொரு வரியையும் இழுஇழுவென்று இழுத்தார். அவர் அங்கே இழுக்க, பிள்ளை இங்கே நீலமானது.

ஒருநாள் காலை பத்து மணிக்கு நூல் சிக்கி மிஷின் நின்றது. பாங்கே இல்லை, பிள்ளை விழுந்தது. நசீரா நூலை அறுத்தெறிந்துவிட்டு மிதித்தாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து பொட்டுக்கடலை கேட்டது. அன்று மதியம் பாங்குக்கு மிஷின் நிற்கவில்லை. மோதினார் வாசலில் வந்து நின்றார்.

"பாங்கு நேரத்துல மிஷின் ஓட்டுறியாமே?"

"ஓட்டத்தான் செய்வேன். நீங்க இழுத்த இழுப்புல எம்புள்ள போய்ப் போய் வந்துச்சு. மறுமையில நான் பதில் சொல்லிக்கிறேன், போங்க!"

அன்று மாலைப் பாங்கு சுருக்கமாக முடிந்தது.

ஸ்ரீரங்கத்து டாக்டர் வீரராகவன் வாரம் ஒருமுறை காவிரிப் பாலம் தாண்டி வந்து மிஷின் பக்கத்திலேயே நாடி பார்ப்பார். வேகமாக மிதித்தால் தொண்ணூறு, மெதுவாக மிதித்தால் அறுபது. நோட்டில் குறித்துக்கொள்வார். இதயத்துக்குள் மின்சாரம் போகும் பாதை அறுந்திருக்கிறது, சீமையில் இதற்கென்று ஒரு பெட்டியை உடம்புக்குள் வைத்துத் தைக்கிறார்கள் என்றார். சீமைக்குக் கடுதாசி போட்டார். இரண்டு வருஷம் பதில் இல்லை. பிறகு, பெட்டி பெரியவர்களுக்குத்தான் என்று பதில் வந்தது. பிறகு இறக்குமதி லைசென்ஸுக்கு எழுதச் சொன்னார்கள். எழுதினால், முன்பு எழுதியதன் நகலைக் கேட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும்மா. பெருமாள் கைவிட மாட்டார்."

"வளர்றதுக்கு மொதல்ல உசிரோட இருக்கணுமே டாக்டரய்யா! என் காலு என்ன இரும்பா?"

ஆத்திரத்தில் அழுகை வரும், அழும்போதும் கால் நிற்காது. வேறு யார் மிதித்தாலும் நாடி தடுமாறியது. துணி தீர்ந்த நாளில் கோணியைத் தைத்தாள், கோணியும் தீர்ந்தால் வெறும் மிஷினை ஓட்டினாள். பெற்ற தாயின் மவுத்துக்கு, கடைசியாக முகம் பார்க்கக்கூட ஜீயபுரம் போக முடியவில்லை.

1967இல் ஒருவழியாகப் பெட்டி வந்தது. மிஷினையும் ரயிலில் ஏற்றி, மதராஸ் வரை மிதித்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் கமரின் வயிற்றில் பெட்டியை வைத்து, அதிலிருந்து இதயத்துக்கு ஒயர் இழுத்துத் தைத்தார்கள். நாடி எழுபத்திரண்டு. மிஷினுக்குத் துணி போர்த்தினார்கள், கமர் ஸ்கூலுக்குப் போனாள்.

இரண்டே வருஷம். ஒரு மதியம் லூர்துராணி டீச்சர், வகுப்பில் விழுந்த பிள்ளையை ரிக்‌ஷாவில் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தாள்.

ஓடிவந்த டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பொண்ணு ஒரு ஜாண் வளர்ந்துட்டா. ஒயர் வளரலையே! அறுந்துடுத்து."

புது ஒயருக்கு மறுபடியும் லைசென்ஸ். நசீரா போர்வையை உருவிவிட்டு உட்கார்ந்தாள். ஆறு வருஷம் மிதித்துத் தேய்ந்த முழங்கால் வீங்கிக் கிடந்தது, மடங்க மறுத்தது. "பாழாப்போன காலே!" என்று தன் காலையே குத்தினாள். நாடி இருபத்தெட்டு.

கமர் ஊர்ந்து வந்தாள். அம்மாவை நகர்த்திவிட்டு, ஸ்டூலைப் பிடித்து ஏறி, காலைக் கீழே விட்டாள். பெடல் எட்டியது. முதல் நாலைந்து மிதி கோணலாகப் போயிற்று. பிறகு சீரானது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணி, எழுபத்திரண்டு என்று நோட்டில் எழுதினார்.

திங்கட்கிழமை, கமர் மிதித்தபடியே வர, மிஷின் வண்டியில் ஸ்கூலுக்குப் போயிற்று. கடைசி பெஞ்சை எடுத்துவிட்டு அங்கே போட்டார்கள். பரீட்சை நேரத்தில் கிறீச்சிடாமல் இருக்க எண்ணெய் போடச் சொன்னதோடு சரி. நசீரா ஸ்கூல் கேட்டுக்கு வெளியே நின்று மிஷின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தாள்.