எண்ணெய்த் துணி

நாத்தனார் வருகிறாள் என்றாலே இவளுக்குக் கலக்கம்தான். கெட்டவள் இல்லை, பாவம், சுத்தக்காரி. அடுத்தவர் வீட்டுத் தூசியைக்கூட விட்டுவைக்க மாட்டாள்.

இந்த வீட்டில் தூசிக்கா பஞ்சம்? கணவன் மரத்தையும் மாட்டுக்கொம்பையும் கடைந்து பேனாவாக்குவான். சாயமேற்றி, காயவைத்து, ஆளிவிதை எண்ணெய் தேய்த்து மெருகேற்றுவது இவள் வேலை. எண்ணெய்த் துணிகளை ஒன்றோடொன்று படாமல் பட்டறைக் கொடியில் விரித்துப் போடுவாள். பார்க்கக் கண்றாவிதான். ஆனால் சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதை நாத்தனாரிடம் சொல்லிவைக்க இவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று கணவன் மரம் வாங்கப் போயிருந்தான். படுத்த படுக்கையாயிருந்த மாமனாரை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, இவள் பேனாக்களைக் கடையில் கொடுக்கப் போனாள். மதியம் போன் வந்தது.

"அண்ணி, பட்டறையப் பாத்தா அசந்துடுவீங்க! நீங்க கிளம்பினதுமே அந்த அழுக்குத் துணியெல்லாம் மடிச்சு அட்டைப்பெட்டில அமுக்கி வெச்சுட்டேன். அப்பா தூங்கறாரு, மருந்து வாங்க வந்தேன். சார்ஜ் இல்ல, வெச்சிடறேன்."

"அய்யோ, அதை எடுத்து..." என்பதற்குள் போன் செத்துப்போனது. இவள் ஓடினாள். தெருமுனையிலேயே புகை தெரிந்தது.

பட்டறையை ஒட்டிய அறையில்தான் மாமனார் கிடந்தார். அக்கம்பக்கத்தார் தூக்கி வந்து போட்டபோது மூச்சில்லை.

மருந்தோடு திரும்பிய நாத்தனார் ஒரு கையால் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். இன்னொரு கை இவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. கணவன் வந்தான். எரிந்த பெட்டியில் கருகிக் கிடந்த துணிகளைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"எண்ணெய்த் துணிய யாரு பெட்டில அடைச்சது? தானா பத்திக்கும்னு தெரியாது?"

நாத்தனாரின் அழுகை சட்டென்று நின்றது. பேயறைந்தது போலானாள்.

இவள் அந்த முகத்தைப் பார்த்தாள். புருஷன் கோபம் என்றைக்காவது ஆறும். பெற்ற அப்பனைத் தானே கொன்றோம் என்று இந்தப் பெண் எப்படி உயிரோடிருப்பாள்? சொல்லிவைக்காத பாவம் என்னுடையதுதானே!

"நான்தாங்க. அவசரத்துல அடைச்சுட்டுப் போயிட்டேன்."

"எங்கப்பனக் கொன்னுட்டியேடி!"

நாத்தனார் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். இப்போது உண்மையைச் சொல்வாள் என்று நினைத்தாள் இவள். நாத்தனார் மெல்ல இவள் கையை விட்டாள்.

"அண்ணா, இவள வெளிய போகச் சொல்லு. அப்பா பக்கத்துல இவ நிக்கக் கூடாது."