இடது கைக்கு ஓர் உறை

அப்பா தையல் கடையில் கட்டர். துணியில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரே இழுப்பில் வெட்டுவார். அதே வலது கையால்தான் அம்மாவை அறைவார். இரண்டிலும் குறி தப்பியதே இல்லை.

பக்கவாதம் வந்து அந்தக் கை விழுந்தது, பேச்சும் போனது. அம்மா அழுதாள், நாலு பேர் பார்க்கிற மாதிரி. நான் அதைக்கூடச் செய்யவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி பெண் கறாரானவள். நீள நாடா வைத்த தடித்த உறை ஒன்றைக் கொடுத்தாள்.

"இதை அவரோட நல்ல கையில, இடது கையில மாட்டிடுங்கம்மா. அப்பத்தான் வேற வழியில்லாம வலது கை வேலை செய்யும். மூளையில அந்தக் கைக்குப் போற நரம்புப் பாதை கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. புழங்கினா அகலமாகும். புழங்காத பாதையை மூளை அப்படியே விட்டுடும். இந்தச் சில மாசத்தை விட்டா ரொம்பக் கஷ்டம்."

அம்மா யார் பேச்சையும் இவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. "நான் ஊட்டிவிட்டா?"

"ஊட்டவே கூடாது. நீங்க ஊட்டுற ஒவ்வொரு வாயும் அந்தக் கைக்கு நஷ்டம்."

அடுத்த வேளையே அம்மா ஊட்ட ஆரம்பித்தாள். உறை அடுப்படிக்குப் போனது, சூடான பாத்திரம் இறக்க.

அப்பா வலது கையை மேசைமேல் நகர்த்துவார். ஆள்காட்டி விரல் மட்டும் புழு மாதிரி நெளிந்து தம்ளர் பக்கம் போகும். தொடுவதற்குள் அம்மா தம்ளரை எடுத்து அவர் வாயில் வைத்துவிடுவாள். "உங்களுக்கு ஏங்க இந்தக் கஷ்டம்? நான் எதுக்கு இருக்கேன்?"

அப்பாவின் அக்கா வந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் செஞ்சதையெல்லாம் மறந்துட்டு இப்படித் தாங்குறியே, நீ தெய்வம்டி." அம்மா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சிரிப்பு தாங்காமல் உள்ளே ஓடிவிட்டேன்.

பிசியோதெரபி பெண் மறுபடி வந்தபோது அந்த விரல் அசையவில்லை. "உறை போட்டீங்கதானே?"

"போடாம இருப்பேனா?" என்றாள் அம்மா. அப்பா "ப்பா, ப்பா" என்று தலையை ஆட்டிக் கதறினார். பாவம், வேதனையில் அழுகிறார் என்று அந்தப் பெண் அவர் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அம்மா வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை யாரும் கவனிக்கவில்லை. கட்டிப் போடாத அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பொத்தான் போடப் பழகியது. சவரம் செய்யப் பழகியது. பழைய துணியை நேராக வெட்டவும் பழகியது.

ஒரு மதியம் அம்மா சோற்றை எடுத்துக்கொண்டு குனிந்தாள். இடது கை எழுந்து அறைந்தது. இந்த முறை மறு கன்னம். குறி தப்பவில்லை. அப்பாவின் பாதி முகம் சிரித்தது.

அம்மா கன்னத்தில் ஒட்டிய சோற்றைத் துடைத்தாள். அடுப்படிக்குப் போய், கரி படிந்த உறையை எடுத்து வந்து அந்தக் கையில் மாட்டினாள். நாடாவை முழங்கைக்கு மேலே ஏற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். அங்கே பல்லும் எட்டாது.

மாலையில் வந்த அத்தை வியந்துபோனாள். "இன்னும் பயிற்சியை விடலையா நீ?"

"எப்படி அண்ணி விடுவேன்? இனிமே கழட்டவே கூடாது" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒரு வாய் சோற்றை நீட்டினாள். அப்பா வாயைத் திறந்தார்.