பதினேழு கூறு

மாந்தோப்பில் விரித்திருந்த தார்ப்பாயில் அது குப்புறக் கிடந்தது. தலை இல்லை, தோல் இல்லை. கைகால்களைக் கோணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காட்டுப்பன்றி என்று சொல்லித்தான் சின்னதுரையைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார் வெங்கடேசன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் அவன் வயிற்றுப் பக்கக் கொழுப்பை வழித்து, முதுகெலும்பைப் பிளந்துவிட்டு, முன்பக்கத்துக்கு வந்திருந்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்யும் மில் ஒன்றில் அவனுக்கு வேலை. லாரியில் வந்து இறங்கும் பழைய இரும்பைக் காஸ் கட்டரால் துண்டு போடவேண்டும். பதினோரு வருஷம் ஆகியும் மில்லின் பதிவேட்டில் அவன் பெயர் கிடையாது. அவன் வெங்கடேசனின் ஆள், அவ்வளவுதான். வெங்கடேசன் ஒரு காலத்தில் மேஸ்திரியாக இருந்து, இப்போது நாற்பது பேரை மில்லுக்கு அனுப்பும் காண்ட்ராக்டர். கார் வந்த பிறகும் எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். கிறிஸ்துமசுக்கும் கல்யாணத்துக்கும் காலனியில் பன்றி அறுப்பவன் சின்னதுரை. ஆறு நாள் இரும்பை வெட்டுகிறவருக்கு ஏழாம் நாளும் ஓய்வில்லை என்று அவன் மனைவி ஞானம்மா கேலி செய்வாள்.

கோணியை அவிழ்த்தான். அவிழ்த்த கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருந்தது குளம்பு இல்லை. ஐந்து விரல்களோடு ஒரு கை. மணிக்கட்டைச் சுற்றி மட்டும் உரிக்காமல் விட்ட தோலில் நீளக் கருமுடி ஒட்டியிருந்தது. சின்னதுரை கத்தியைப் போட்டுவிட்டு மாமரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மனுஷனை வெட்டிவிட்டோம் என்றுதான் நினைத்தான்.

"ஆளு கையி மேஸ்திரி. இது ஆளு கையி" என்றான்.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த வெங்கடேசன் வயிறு குலுங்கச் சிரித்தார். கரடி என்றார். ஆந்திரா எல்லை மலையில் சனிக்கிழமை சாயங்காலம் அவரும் அவருடைய சேக்காளிகள் இரண்டு பேரும் சுட்டார்களாம். நகங்களும் பித்தப்பையும் தோலும் ஏற்கெனவே சேக்காளிகளோடு போய்விட்டன. கொழுப்பை உருக்கி முட்டிவலிக்குத் தேய்ப்பதற்கு அவர் எடுத்துக்கொண்டார். கறி முழுக்க உங்களுக்குத்தான், உடம்புக்கு இரும்பு மாதிரி, நோய் அண்டாது என்றார்.

காலனியிலிருந்து அவரிடம் வேலை செய்தவர்கள் மொத்தம் பதினேழு பேர். எல்லோரும் பை கொண்டு வந்திருந்தார்கள். சின்னதுரை வாழையிலையில் பதினேழு கூறு போட்டான். கறி, ஈரல், எலும்பு எல்லாம் எல்லாக் கூறிலும் விழவேண்டும். பிறகு வழக்கப்படி அவன் மச்சான் எட்வர்ட் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நின்றான். சின்னதுரை ஒரு கூறின்மேல் கத்தியை நீட்டி "இது யாருக்கு?" என்று கேட்க, எட்வர்ட் திரும்பிப் பார்க்காமல் ஒரு பெயரைக் கூவினான். எந்தக் கூறு யாருக்கு என்று முன்கூட்டி ஒருவனுக்கும் தெரியாது. அதனால் சண்டை வராது. கூறு போட்டவன் பெயர் கடைசியில்தான் வரும். பதினேழு பெயரும் தோப்பு முழுக்கக் கேட்டன. வெங்கடேசன் பெயரை யாரும் கூவவில்லை. அவருக்குக் கூறு கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஞானம்மா முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கரடியைத் தின்றால் கர்த்தர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டாள். தின்னக்கூடாதவை என்று வேதத்தில் எழுதி வைத்திருக்கிற பட்டியலில் கரடி பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது என்றான் அவன். கறி முரடாக இருந்தது. குக்கரில் பத்து விசில் விட்ட பிறகும் பல்லில் நாராகச் சிக்கியது. மீதியை உப்பும் மஞ்சளும் தடவி, துணி காயவைக்கும் கம்பியில் உப்புக்கண்டமாகக் கோத்து மொட்டைமாடியில் போட்டாள்.

கரடியின் மணிக்கட்டிலிருந்து வெட்டி வைத்திருந்த ஒரு கொத்துக் கருமுடியை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டியதும்தான் அவள் முகம் மாறியது. பெண் பிரின்சிக்கு ஐந்து வயது. போன மாதம் மில்லில் உலை வெடித்த சத்தம் காலனி வரை கேட்டது. அன்றிலிருந்து குழந்தை பட்டப்பகலில் குக்கர் சத்தத்துக்கே துள்ளி விழுந்து அலறியது. பயந்த பிள்ளைக்குக் கரடி முடி கட்டினால் தெளியும். இது தெரியாத தாய் அந்தப் பக்கத்தில் இல்லை. தெருவில் விற்க வருகிறவர்கள் ஆட்டு முடியைக் கருக்கிக் கொடுத்து ஏமாற்றுவார்கள். இது அசல். பாஸ்டருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று ஞானம்மா அதைத் தகரத் தாயத்தில் அடைத்து, கவுனுக்குள் மறையும்படி இடுப்புக் கயிற்றில் கட்டினாள். அடுத்த நாள் குக்கர் விசில் அடித்தபோது பிரின்சி அம்மாவைப் பார்த்தாள், அழவில்லை.

அந்த சந்தோஷத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை ஞானம்மாவுக்கு. பக்கத்து வீட்டு ஹேமாவதியிடம் சொன்னாள். ஹேமாவதி தன் பையனுக்கு நாலு முடி கேட்டாள். அடுத்த வீட்டுக்காரி கேட்டாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாளில் தெருவில் பதினோரு பிள்ளைகளுக்குக் கரடி முடி கிடைத்துவிட்டது.

புதன்கிழமை அங்கன்வாடியில் எடை போடும் நாள். பிள்ளைகளின் சட்டையைக் கழற்றி எடை இயந்திரத்தில் நிறுத்தினார்கள். எல்லா இடுப்பிலும் ஒரே மாதிரிப் புதுத் தாயத்து. கூட வந்திருந்த நர்சம்மா இது என்ன என்று கேட்டாள். ஹேமாவதியின் பையன் பெருமையாகச் சொல்லிவிட்டான், கரடி முடி என்றும், எங்கப்பா கரடியைத் தின்றார் என்றும். நர்சம்மாவின் தம்பி காட்டு இலாகாவில் காவலர். மத்தியானமே அங்கிருந்து இரண்டு பேர் வந்து அங்கன்வாடி ஆயாவிடம் பேசி, ஒரு தாயத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

செய்தி ஷிப்டு முடிந்து வந்தவர்களுக்கு முன்னால் தெருவில் நின்றது. கரடி விஷயம் புலி விஷயம் மாதிரி, ஏழு வருஷம், ஜாமீன்கூடக் கிடைக்காது, சுட்டவனும் தின்றவனும் ஒன்றுதான் என்று யாரோ செல்போனில் பார்த்துச் சொன்னார்கள். சின்னதுரை மாடிக்கு ஓடினான். கம்பியில் உப்புக்கண்டம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும் என்று தோன்றியது அவனுக்கு. அள்ளி லுங்கியில் போட்டுக்கொண்டு இறங்கினான். புதைத்தால் நாய் தோண்டும். கழிவறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஞானம்மா விறகடுப்பைப் பற்றவைத்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.

கொழுப்பு வெடித்து எரிந்தது. புகை வெளியே போகாமலிருக்க ஜன்னலைச் சாத்தினார்கள். மூச்சு முட்டி அவன் கதவைத் திறந்தபோது தெருவே கறி வாசனையாக இருந்தது. எல்லா வீட்டிலும் அதே வேலை நடந்துகொண்டிருந்தது. பதினேழு வீட்டுக் கூரைகளிலிருந்தும் புகை எழும்பி, கறி தீயும் நாற்றம் மாதர்பாக்கம் சாலை வரைக்கும் போனது. நாய்கள் தெரு முழுக்க அலைந்தன. பயத்தில் சின்னதுரைக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"நான்தாங்க குடுத்தேன்" என்றாள் ஞானம்மா. புகையில் கண் சிவந்திருந்தது. "என் வாயி சும்மா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. கொயந்த அழலியேன்னு சொல்லிட்டேன்."

அவனுக்கு அவள்மேல் கோபம் வந்தது, அடுத்த நிமிஷமே போய்விட்டது. முடியைக் கொண்டுவந்தவனே அவன்தானே.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் வெங்கடேசன் பதினேழு பேரையும் மில் கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்கு வரச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. காட்டு இலாகாவில் பேசிவிட்டேன் என்றார். வேட்டையாடினவன் ஒருத்தன் வேண்டும், ஆள் கிடைத்தால் தின்றவர்களைத் தோண்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் பதினேழு பேரும் உள்ளே போகவேண்டியதுதான், மில்லும் காண்ட்ராக்டை எடுத்துவிடும் என்றார். சின்னதுரை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் அவரவர் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்வர்டுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "நுங்கு தின்னவன் ஓடிப்பூட்டான், நோண்டித் தின்னவன் மாட்டிக்கினானா? சுட்டது நீங்க மேஸ்திரி."

"கூறுல எம்பேரு வந்துச்சாடா?" என்றார் வெங்கடேசன். "நீதானே முதுகக் காட்டிக்கினு கூவுன. பதினேழு பேருல எம்பேரு இருந்துச்சா, சொல்லு."

எட்வர்ட் பெயர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் கையை இறக்கினான்.

"அறுத்தது யாரு? கூறு போட்டது யாரு? முடி யாரு ஊட்டுலேர்ந்து வெளிய போச்சு?" வெங்கடேசன் கேட்டுக்கொண்டே போனார். யாரும் சின்னதுரையைப் பார்க்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. வக்கீல் வைக்கிறேன், மூன்று மாதத்தில் வெளியே எடுக்கிறேன், ஞானம்மாவுக்கு மில் கேண்டீனில் வேலை போட்டுத் தருகிறேன் என்று அவர் அடுக்கினார்.

"அவனால ஆவாது மேஸ்திரி. துப்பாக்கியத் தொட்டதுகூடக் கெடையாது" என்றான் எட்வர்ட்.

"அப்ப நீ போறியா எட்வர்டு?"

எட்வர்டுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குத் தை மாதம் கல்யாணம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குனிந்ததைப் பார்த்ததும் சின்னதுரைக்கு இனி தனக்காகப் பேச இந்தக் கொட்டகையில் ஆள் இல்லை என்று புரிந்தது. கலைந்து போகும்போது ஒருவன் அவன் தோளைத் தொட்டான். வேறொருவன் தன் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த எலுமிச்சை சாதத்தை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த இரண்டு ராத்திரியும் அவனும் ஞானம்மாவும் பேசிப் பேசிப் பார்த்தார்கள். ஓடிப்போகலாம் என்றால் எங்கே? உண்மையைச் சொல்லலாம் என்றால் சாட்சி யார்? உண்மையைச் சொல்கிறவன் முதலில் தானும் தின்றதாகச் சொல்லவேண்டும். பதினாறு வீட்டில் ஒருவரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஹேமாவதி பால் பாத்திரத்தோடு வந்து வாசலில் அழுதுவிட்டு, பையனின் தாயத்தை எரித்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை, சரி என்றுவிட்ட சின்னதுரையைத் தோப்புக்குக் கூட்டிப்போனார்கள். வனவர் ஒருவரும் காவலர் இரண்டு பேரும் ஜீப்பில் வந்திருந்தார்கள். வனவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நாஷ்டா ஆயிற்றா என்று கேட்டார். தார்ப்பாய் விரித்த இடத்தைப் போட்டோ எடுத்தார்கள். சின்னதுரையின் கத்தியை ஒரு பையில் போட்டுக் கட்டினார்கள். எழுதி வைத்திருந்த காகிதத்தை ஒரு காவலர் வேகமாகப் படித்தார். சின்னதுரை என்பவன் தன் சொந்த உபயோகத்துக்காக இந்தத் தோப்பில் கரடியைச் சுட்டதாக அதில் இருந்தது. அவன் கையெழுத்துப் போட்டான். சாட்சி என்ற இடத்தில், தோப்பின் உரிமையாளர் என்ற முறையில், வெங்கடேசன் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேலிக்கு வெளியே ஞானம்மா பிரின்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே விடவில்லை.

சிமெண்ட் சாக்கிலிருந்து ஒரு நாட்டுத் துப்பாக்கியை எடுத்தார்கள். சின்னதுரை வீட்டுப் பின்புறப் புதரில் கிடைத்ததாகக் காகிதத்தில் எழுதியிருந்தது. அவன் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். வனவர் செல்போனை உயர்த்தி, எங்கே நின்று எப்படிச் சுட்டாய் என்று செய்து காட்டச் சொன்னார்.

துப்பாக்கி அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கி வயிற்றோடு அணைத்து, காஸ் கட்டரைப் பிடிக்கிற மாதிரி முனையைத் தரைப்பக்கம் சாய்த்துப் பிடித்தான். காவலர்களில் ஒருவர் இருமினார். வனவர், மேலே தூக்கு என்றார். அவன் தலைக்குமேல் தூக்கினான்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. வெங்கடேசன் எழுந்து வந்தார்.

"அப்பிடி இல்ல நைனா. கட்டைய இங்க வை, தோளாண்ட. நல்லா அழுத்து. இல்லனா ஒதைக்கும்." அவனுடைய முழங்கையை மடக்கி உயர்த்தினார். தாடையைப் பிடித்துக் கட்டையின்மேல் சாய்த்தார். அவன் கால் ஒன்றைத் தன் காலால் தள்ளி அகட்டி வைத்தார். "எடது கண்ண மூடு. மூச்ச அடக்கிக்கினு விசைய மெதுவா இஸ்தா போதும்."

வனவர் செல்போனைக் கீழே இறக்கி, ஜீப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கடேசன் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்தார். பிறகு செல்போனை மறுபடி உயர்த்தினார்.

"ம். மொதல்லேர்ந்து" என்றார்.

சின்னதுரை இடது கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டான்.