தொட்டிக்குள் கல் மாற்றுவது

போன தடவை சித்தி தையல்காரியின் வீட்டுக்கு வந்து நாலே நாள்தான் தங்கினாள். அந்த நாலு நாளும் சோபாவின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிப்பதற்குக்கூட, "எந்தத் தம்ளர எடுத்துக்கட்டும்?" என்று கேட்டாள். ஐந்தாம் நாள் காலையில், "வீடு பூட்டியே கிடக்குது" என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கே அவளுக்காக யார் காத்திருக்கிறார்கள்? அப்பா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கும்வரை அரை நாள் தரையிலேயே கிடந்திருக்கிறாள்.

நாளைக்கு மறுபடியும் வருகிறாள். இந்தத் தடவையும் திரும்பிப் போய்விட்டால், பிறகு காலில் விழுந்து கூப்பிட்டாலும் வரமாட்டாள். தையல்காரிக்கு அது நன்றாகத் தெரியும். பதின்மூன்று வயதிலிருந்து அவளை வளர்த்தது இந்தச் சித்திதான். அவளுடைய பிடிவாதத்தில் பாதி சித்தியிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அப்பாவின் கடை ஞாபகம் வந்தது.

அப்பா வைத்திருந்தது வண்ண மீன் கடை. வாரத்துக்கு ஒருவராவது கூடையோடு வந்து, "வறுக்க எது நல்லாருக்கும்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார். மீனுக்குப் பேச வராது என்று யாராவது சொன்னாலும் அப்பாவுக்கு அதே கோபம்தான். "அதுங்க வாய் ஓயாமதான் பேசுது. உனக்குத்தான் பாக்கத் தெரியல" என்பார். பெரிய தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன் இருந்தது. அதற்கு மேனேஜர் என்று பெயர். செவுளை விரித்து, உடம்பைக் கறுப்பாக்கிக்கொண்டு அது ஒரு திருப்பு திரும்பினால் போதும், மற்றதெல்லாம் ஓரங்கட்டிவிடும். புதிதாக வந்த மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, வெளிறிப்போய் மூலையில் நிற்கும். தீனி மூக்கருகே விழுந்தாலும் தொடாது. அப்படி நின்று நின்றே செத்துப்போன மீன்களும் உண்டு.

அதனால் புது மீன் விடுகிற அன்றைக்கு, அப்பா முழங்கைவரை கையை விட்டு உள்ளே இருக்கிற கல், செடி, உடைந்த சட்டி அத்தனையையும் இடம் மாற்றிவிடுவார். மேனேஜருக்கே தன் வீடு எதுவென்று தெரியாமல் போய்விடும். எல்லாமே இடம் தேடி அலையும்போது, புதிது யார் பழையது யார் என்று பார்க்க எதற்கு நேரம்?

தொட்டியோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மனுஷன் அதை வீட்டிலும் செய்துவிட்டார்.

அம்மா இறந்து மூன்று வருஷம் கழித்து, அப்பாவின் இரண்டாம் மனைவியாகச் சித்தி வருவதற்கு முதல் நாள் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பழக்கத்தில் உள்ளே நடந்து, கட்டிலில் முழங்காலை இடித்துக்கொண்டாள். காலையில் அந்த இடத்தில் கட்டிலே கிடையாது. பீரோ எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. ஜன்னலோரம் இருந்த அம்மாவின் தையல் மெஷின் அடுப்படி மூலையில், தலையில் வெங்காயக் கூடையோடு நின்றது.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"நாளைக்கு வர்றவ மூலையில நிக்கக்கூடாதும்மா."

"அதுக்கு எங்கம்மாவ மூலையில நிக்க வைப்பீங்களா?"

அதன் பிறகு ஒரு வாரம் அவள் அவரோடு பேசவில்லை.

ஆனால் அந்த வாரம் இருக்கிறதே! இல்லாத ஆணியில் அப்பா சட்டையை மாட்டுவார், அது தரையில் விழும். சித்தி உப்பு எங்கே என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் சர்க்கரையைத் தேடி மூன்று பேரும் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தார்கள். கடைசியில் அது சோப்புத் தூளுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா முழித்த முழியில், கோபத்தில் இருந்தவளுக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. இப்போது நினைத்தால் அந்த முழங்கால் வலிக்குக்கூட மனசு ஏங்குகிறது.

எட்டாம் நாள் சித்தி யாரையும் கேட்காமல், மெஷினைத் தன்னந்தனியாக இழுத்துக்கொண்டுபோய்ப் பழையபடி ஜன்னலோரம் போட்டாள்.

"உங்கப்பா கல் கதையெல்லாம் சொன்னாரு. சொன்ன வரைக்கும் சரிதான்" என்றாள், மூச்சு வாங்க. "ஆனா இது இங்கதான் இருக்கணும்."

அன்றைக்குத்தான் அவளை இவள் முதல்முறையாக, "சித்தி" என்று கூப்பிட்டாள்.

தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள். "கொஞ்சம் வாங்க. இந்த சோபாவைப் பிடிங்க."

"எதுக்கு? வீடு காலி பண்றோமா?"

"பேசாம பிடிங்க."

அன்று சாயங்காலத்துக்குள் சோபா, பீரோ, சாப்பாட்டு மேஜை, அடுப்படி டப்பாக்கள் எல்லாம் இடம் மாறின. கல்யாணத்தின்போது அவளோடு இங்கே வந்த அம்மாவின் மெஷின் மட்டும் ஜன்னலோரத்திலிருந்து அசையவில்லை.

மறுநாள் காலையில் சித்தி வந்தாள். வழக்கம்போல வாசலை ஒட்டியிருந்த சோபாவைத் தேடினாள். அது அங்கே இல்லை. பையோடு நடு வீட்டில் நின்றாள். அவளுக்குத் தேநீர் போடப் போன தையல்காரி, சர்க்கரையை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தடுமாறினாள். உண்மையாகவே தெரியவில்லை. உள்ளேயிருந்து கணவனின் குரல் வந்தது. "என் செருப்பு எங்க? ஐயோ, கால்!"

சித்தி பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். மூன்றாவது டப்பாவில் கை நின்றது. திரும்பி, வீட்டை ஒரு சுற்று பார்த்தாள். ஜன்னலோரம் இருந்த மெஷினில் அவள் பார்வை தங்கியது.

"எல்லாக் கல்லையும் நகத்திட்டியாடி?"

தையல்காரி தலையை ஆட்டினாள்.

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடையில் கவிழ்த்திருந்த தம்ளர்களில் ஒன்றை, எது என்று கேட்காமல் எடுத்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு கூடத்துக்குப் போய், சோபாவின் நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பனுக்கு மேல இருக்கியே! வெயில் கண்ணுல அடிக்குது" என்றாள். "இத அந்தப் பக்கம் திருப்பிப் போடு."

தையல்காரி ஓடிவந்து, சித்தியோடு சேர்த்தே சோபாவைத் திருப்பினாள்.