தானியக் கிடங்கில் ஒரு முட்டைக்கோஸ் பீப்பாய்

ஸ்மராண்டாவுக்கு அந்தச் சனிக்கிழமை இரண்டே வழிதான் இருந்தது. முதலாளி ஆபீஸைப் பூட்டுவதற்குள், வீட்டில் உட்கார்ந்தபடியே விபிஎன் என்னும் இணையச் சுரங்கம் வழியாகத் துறைமுகக் கிடங்கின் கணினிக்குள் போய், மூன்றாம் சைலோவில், அந்த உயரமான தகரக் குதிரில், கொட்டியிருக்கும் சூரியகாந்தி விதையின் சூடு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை. இல்லையென்றால் மறுநாள் காலை அம்மாவோடு மினிபஸ் ஏறி இத்தாலிக்குப் போய், யாரோ ஒரு பெரியவரைக் குளிப்பாட்டித் துடைத்துப் படுக்கவைக்க வேண்டும். அந்த வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா இத்தனை வருஷம் அதைச் செய்து மகளைப் படிக்கவைத்தது, மகளும் வந்து அதையே செய்வதற்கா? அவர்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். பட்டத்தைச் சுவரில் மாட்டியாயிற்று. சோற்றுக்கு?

முதலாளி கரமிஹாய் நேற்றே சொல்லிவிட்டார். "பாரும்மா, ரெண்டு பேர் இருக்கீங்க. நீ ஒருத்தி, என் மச்சான் பையன் ரடூகு ஒருத்தன். யாரு சரியாச் சொல்றாங்களோ அவங்களுக்கு வேலை. எனக்கு ஓரவஞ்சனை கிடையாது."

ஓரவஞ்சனை இல்லாத மனுஷன் எதற்கு மச்சான் பையன் என்று சொல்லிக்காட்ட வேண்டும்? டான்யூப் நதிக்கரைப் பிரய்லா ஊரில் வேலை எப்படிக் கிடைக்கும் என்று ஸ்மராண்டாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கணினி, அம்மா இத்தாலியில் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவருடையது. அவர் செத்தபின் பிள்ளைகள் குப்பையில் போடப் போனதை அம்மா கேட்டு வாங்கி, மினிபஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் புது மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் மட்டும் சொன்னதைக் கேட்கும்; படம் பார்க்க ஒரு பழைய உலாவி திணறித் திணறி ஓடும். விசைப்பலகையோ இத்தாலிக்காரர்களுக்கானது. வேண்டிய குறி ஒவ்வொன்றையும் தேடிப் பிடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. பொத்தானை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இங்கே ஒவ்வொன்றையும் அவளே சொல்ல வேண்டும். முதலில் நிரலை இறக்கினாள். பிறகு இரண்டு சாவிகள் செய்யச் சொன்னாள். ஒன்று ஊருக்குக் கொடுக்க, ஒன்று மடியில் முடிந்துகொள்ள. ஊருக்கான சாவியை நேற்றே கிடங்குக்கு அனுப்பி, அவர்களுடையதை வாங்கிவைத்திருந்தாள். நாலைந்து வரிகளில் ஒரு கோப்பு எழுதி, 'ஏறு' என்று கட்டளை கொடுத்தாள். எதிர்முனை பதில் சொன்னது. ஊரின் அந்தக் கோடியில், டான்யூப் கரையில், ஒரு பெட்டி அவளோடு கைகுலுக்கிவிட்டது. சுரங்கப்பாதை திறந்தாயிற்று.

கிடங்குக் கணினியின் முகவரி 192.168.1.10. தட்டினாள். மங்கலான ஒரு படம் வந்தது. மூலையில் 14 டிகிரி.

எதிர் பால்கனியிலிருந்து ரடூகு கத்தினான். அவனும் அதே கட்டடம், அதே மாடி. "என்ன பட்டதாரி, இன்னும் தட்டிக்கிட்டே இருக்கியா? நான் மாமாகிட்ட சொல்லி முடிச்சாச்சு. பதினாலு!"

அவள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். எண்களை அழுத்தப் போனவள் நிறுத்தினாள். படத்தில் பீப்பாய்கள் இருந்தன. நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்கள். கூரை உயரத் தகர சைலோவுக்குள் பீப்பாய்க்கு என்ன வேலை? மூன்று சைலோவுக்கும் மூன்று எண் வரும் என்றல்லவா கரமிஹாய் சொன்னார்? ரடூகு எண்ணை மட்டும் பார்த்திருப்பான். அவன் எதையும் இரண்டாம் முறை பார்க்க வேண்டிய அவசியத்தில் வளர்ந்தவன் இல்லை.

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். படத்துக்குள் ஒரு கதவு திறந்தது. பச்சைச் செருப்பும் பூப்போட்ட கவுனுமாக ஒருத்தி வந்தாள். பீப்பாய் மூடியைத் தூக்கி, ஒரு ரப்பர் குழாயை உப்புத்தண்ணீருக்குள் விட்டு, கன்னம் உப்ப ஊதினாள்.

"அம்மா!" என்றாள் ஸ்மராண்டா, திரையைப் பார்த்து.

அம்மாவேதான். கட்டடத்து நிலவறையில், ஊறப்போட்ட முட்டைக்கோஸ் அழுகாமல் இருக்க, அக்டோபரில் எல்லாரும் ஊதுவதுபோல ஊதிக்கொண்டிருந்தாள்.

கிடங்குக்குப் போன சுரங்கம் எப்படி நம் வீட்டு அடியில் வந்து நிற்கிறது? ஸ்மராண்டாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, காரணம் தெரிந்தாக வேண்டும் என்ற அரிப்புதான் வந்தது. கணினியிடமே கேட்டாள்: இந்த முகவரிக்கு ஒன்றை அனுப்பினால் எந்த வழியாகப் போவாய்? அது ஒளிக்காமல் சொன்னது. சுரங்கம் வழியாக அல்ல, ஜன்னலில் தொங்கும் வீட்டு ஒயர் வழியாக. சுரங்கம் திறந்து கிடந்தது, அதில் ஈ காக்கா நுழையவில்லை.

அந்த ஒயர் தித்தெல் அண்ணனுடையது. ஒரே இணைய இணைப்பை வாங்கி, ஜன்னலுக்கு ஜன்னல் ஒயர் இழுத்து, ரடூகு வீடு உட்பட கட்டடம் முழுக்கப் பங்குபோட்டவர் அவர். மூன்றாம் மாடிக்கு ஓடினாள்.

"தித்தெல் அண்ணே, பீப்பாய் ரூம்ல கேமரா வெச்சிருக்கீங்களா?"

"பின்னே? போன வருஷம் எவனோ என் கோஸை அள்ளிட்டுப் போனான். சூடு ஏறினாக்கூடக் காட்டும். எப்படி?"

"அதுக்கு எந்த எண் குடுத்தீங்க?"

"பத்து. முக்கியமான சாமானுக்கு எப்பவும் பத்துதான். மனசுல நிக்கும்ல?"

"துறைமுகக் கிடங்குக்கு ஒயர் போட்டது யாரு?"

"நான்தான்!" அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "ஊர்ல பாதி நம்ம கைதான். கல்லறைத் தோட்டத்து ஆபீஸ்கூட."

"அங்கயும் இதே எண்ணா?"

"எல்லா இடத்துலயும் அச்சு மாறாம அதே எண்தான். எனக்குக் குழப்பமே வராது."

"உங்களுக்கு வராதுண்ணே. எங்களுக்குத்தான் வேலை போகுது. இங்க கட்டடத்தோட எண் வரிசையையே மாத்துங்க."

"ஏண்டியம்மா, மாத்தினா கட்டடமே செருப்பைத் தூக்கிட்டு வரும். ஒவ்வொரு வீடா ஏறி இறங்கறது யாரு, நீயா?"

படி இறங்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. தன் தெருவிலேயே பத்தாம் நம்பர் வீடு இருந்தால், தபால்காரன் எதற்கு ஊர்க்கோடிக்குப் போகப்போகிறான்? தெருவை மாற்ற முடியாது. ஆனால், 'இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இங்கே தேடாதே, சுரங்கத்தில் போ' என்று தனியாகச் சொல்லிவைக்கலாம். தெரு முழுவதற்குமான பொது விதியைவிட ஒரே வீட்டைக் குறித்த விதிதான் எடுபடும்.

கோப்பில் ஒரு வரி சேர்த்தாள். சுரங்கத்தை இறக்கி மறுபடி ஏற்றினாள். முகவரியைத் தட்டினாள். முட்டைக்கோஸ் போய், சாம்பல் நிறத்தில் மூன்று கட்டங்கள் வந்தன. முதல் சைலோ 16. இரண்டாவது 17. மூன்றாவது 41.

போனில் கரமிஹாய் சிரித்தார். "நாப்பத்தொண்ணா? நம்ம பையன் பதினாலுன்னான். ஆபீஸைப் பூட்டிட்டுக் கிடங்கு வாசல்ல நிக்கிறேம்மா, கிளம்பறேன்."

"அவன் சொன்னது தித்தெல் அண்ணன் முட்டைக்கோஸோட சூடு சார்."

"என்ன உளர்றே?"

"உளறல. மழையில அறுத்த விதையை ஈரத்தோட கொட்டியிருக்கீங்க. உள்ளுக்குள்ள வேகுது. நான் பொய் சொன்னா எனக்கு வேலை வேணாம். உங்க பையன் சொன்னது பொய்யா இருந்தா தீப்பிடிச்சு நாளைக்கு சைலோவே இருக்காது. மேல ஏறிக் கையை விட்டுப் பாருங்க."

போன் அணையவில்லை. இரும்புப் படிகள் அதிரும் சத்தம், மூச்சிரைப்பு, தகர மூடி கிரீச்சிடும் சத்தம். பிறகு ஒரு கெட்ட வார்த்தை, அதன் பின்னால் மாதாவின் பெயர்.

"சுடுதும்மா! வேகற நாத்தம் வருது!" யாரையோ விதையைக் கிளறிக் கொட்டச் சொல்லிக் கத்திவிட்டுப் போனுக்குத் திரும்பினார். "திரையை விட்டு எந்திரிச்சிடாதே. ஏறுதா இறங்குதான்னு சொல்லிட்டே இரு."

"வேலை எனக்கா, உங்க மச்சான் பையனுக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"உனக்குத்தான், உனக்குத்தான்! எண்ணைச் சொல்லுடியம்மா!"

"நாப்பத்தொண்ணுதான் சார். இன்னும் இறங்கல."

ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். மகள் போனில் அதட்டுவதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். இத்தாலிக்குக் கட்டிவைத்திருந்த பையிலிருந்து ஸ்மராண்டாவின் ஸ்வெட்டர்களை எடுத்து அலமாரியில் வைத்தாள். காலியான இடத்தில் இரண்டு ஜாடி முட்டைக்கோஸைத் திணித்து ஜிப்பை இழுத்தாள்.

"நாப்பது சார்," என்றாள் ஸ்மராண்டா.